மாதா கெபி முக்கில் நின்ற பந்தயம்

எங்கள் ரோஸ்தகெம்மில் ஓடீல் வான்ஹெஸ்கேயிடம் முப்பது வருஷமாக ஊர் கேட்ட கேள்வி ஒன்றுதான். “மணி அடிச்சாச்சா?”

அவர் கோயில்பிள்ளை. அவர் அப்பாவும் கோயில்பிள்ளை. காலையில் மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூசை உடுப்புகளை மடித்து வைப்பது, சாமியார் எங்கேயோ வைத்து மறந்த மூக்குக்கண்ணாடியைக் கண்டெடுப்பது, எல்லாம் அவர் பாடு. ஞானஸ்நானத்துக்கு அவர்தான் தண்ணீர் எடுத்து வைப்பார். அடக்கத்துக்கு அவர்தான் கயிறு எடுத்து வைப்பார். ஆக, ஊரில் ஒருவர் வரும்போதும் போகும்போதும் ஓடீல் பக்கத்தில் நிற்பார். நடுவில் உள்ள அறுபது எழுபது வருஷத்துக்கு அவரை யாரும் தேட மாட்டார்கள்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. மனைவி இர்மாவுக்கு மட்டும் தெரிந்த ஆசை. தன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சாதாரண ஆளின் பெயர் அச்சில் வருவது ஒரே தடவைதான். அடக்கப் பூசையில் கொடுக்கிற சின்னப் படத்தின் பின்பக்கம், பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே ஒரு ஜெபம். அப்படிப் பல நூறு பேரின் படங்களை ஓடீல் தன் கையாலேயே கோயில் வாசலில் நின்று கொடுத்திருக்கிறார். பெயர் வந்தவர்களில் ஒருவர்கூட அதை எடுத்துப் படித்துப் பார்க்கவில்லை என்பது அவருக்குப் பெரிய குறை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஊரில் இருந்த ஆறு பீர்க்கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு சைக்கிள் பந்தயம் நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். செப்டம்பர் மாதம், புனித கொர்னேலியு திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. எதற்குப் பந்தயம் என்று கேட்டவர்களிடம் விளையாட்டை வளர்க்க என்றார்கள். விளையாட்டு வளர்ந்தால் பார்க்க வருகிறவர்களின் தாகமும் வளரும் என்பதை அடக்கத்தின் காரணமாகச் சொல்லாமல் விட்டார்கள்.

நான்கு வாரம் கூட்டம் போட்டார்கள். பாதை முடிவாகவில்லை. பந்தயம் என் கடை வாசல் வழியாகப் போகாவிட்டால் என் வைக்கோல் வண்டி அன்று நடு ரோட்டில் அச்சு முறிந்து கிடக்கும் என்று ஒருவர் சாந்தமாகச் சொன்னார். மற்ற ஐந்து பேரிடமும் வண்டி இருந்தது. பேனாவைப் பிடிப்பவன் தன் கடைப் பக்கம் கோட்டை இழுத்துவிடுவான் என்ற பயத்தில் செயலாளராக யாரையும் போட முடியவில்லை. பீர் விற்காத, எந்தக் கடைப் பக்கமும் சாயாத ஆள் வேண்டும். அப்படி ஊரில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். சாமியார் முடியாது என்றுவிட்டார்.

“மூன்று வாத்து” கடைக்காரர் கமீல்தான் கோயிலுக்கு வந்து கேட்டார்.

“ஓடீல், நீ வந்து எழுதிக்குடுப்பா. உனக்குக் கடையும் கிடையாது, எதிரியும் கிடையாது.”

“எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே கமீல்.”

“எங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? உக்காந்து எழுதறதுக்கு சைக்கிள் எதுக்கு?”

ஓடீல் ஒரு ராத்திரி யோசித்தார். மறுநாள் கூட்டத்தில் எழுந்து, நற்கருணைச் சுற்றுப்பிரகாரம் போகிற பாதையிலேயே பந்தயத்தை விட்டுவிடலாம் என்றார். அந்தப் பாதையை முடிவு செய்ய நூற்றைம்பது வருஷம் ஆகியிருந்தது. எந்த வீட்டு வாசலில் தேவ நற்கருணை நிற்க வேண்டும், எந்த வீட்டை விடக்கூடாது என்று சண்டை போட்டு, மறைமாவட்டத்து மேற்றிராணியாரே ஒருமுறை வண்டி கட்டிக்கொண்டு வந்து தீர்த்து வைத்தது. ஊரில் ஒரு வாசலையும் அது விட்டதில்லை. அதனால் ஒரு பீர்க்கடையையும் விட்டதில்லை. அந்தப் பாதையைக் குறை சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். ஆறு பேரும் கை தூக்கினார்கள். வலேர் என்பவர் மட்டும், தன் கடைக்கு முன்னால் பாதை கொஞ்சம் மேடாக இருப்பதால் அங்கே மெதுவாகப் போகும்படி பந்தயக்காரர்களிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

பந்தயக்காரர்கள் முதலில் நூற்று நாற்பது கிலோமீட்டர் வெளியே சுற்றிவிட்டு வர வேண்டும். நடுவில் நாங்கள் மலை என்றும் வெளியூர்க்காரர்கள் மேடு என்றும் சொல்கிற ஐந்தாறு இடங்கள் உண்டு. அதன்பிறகு ஊருக்குள் சுற்றுப்பிரகாரப் பாதையில் மூன்று சுற்று. கோயில் வாசலில் முடிவு.

அந்தப் பாதையில் ஒரே ஒரு விசேஷம். கோயிலிலிருந்து ஆலைத் தெரு வழியாக மாதா சிலை வைத்த கல் குகையான மாதா கெபியைத் தாண்டிப் போகும். பழைய காற்றாலையைச் சுற்றிக்கொண்டு அதே மாதா கெபி முக்குக்குத் திரும்பி வந்து, போன பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபக்கம் இறங்கும். எந்தக் காலத்திலோ ஒரு விதவை கோயிலுக்கு இரண்டு வெள்ளி விளக்குத் தண்டு கொடுத்ததற்காக அவள் வீட்டையும் சேர்த்ததில் வந்த முடிச்சு அது. சுற்றுப்பிரகாரத்தில் இதனால் தொந்தரவு இல்லை. முன்னால் போகிற கொடிக்காரர் சுற்றி வந்து முக்கில் சேரும்போது வாலில் வருகிற மாதா சபைப் பெண்கள் இன்னும் குறுக்கே போய்க்கொண்டிருந்தால், அங்கே நிற்கிற கோயில்பிள்ளை கைமணியை ஒரு தடவை அடிப்பார். எல்லாரும் நின்ற இடத்தில் நிற்பார்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் முழங்கால் போடுவார்கள். வால் கடந்ததும் இரண்டு தடவை அடிப்பார். எல்லாரும் நடப்பார்கள். ரோஸ்தகெம்மில் பிறந்த குழந்தைக்கு அம்மா என்று சொல்ல வருவதற்கு முன்பே இது தெரியும்.

முதல் வருஷம் மழை. நாற்பது பேர் புறப்பட்டார்கள், ஒன்பது பேர் ஒரே கும்பலாகத் திரும்பினார்கள். ஒரே கும்பலுக்கு ஏது தலை, ஏது வால். இரண்டாம் வருஷமும் மழை, பதினோரு பேர். பந்தயப் புறா வளர்க்கிற ஊர்க்காரர்கள் இரண்டு தடவையும் பந்தயம் முன்னால் போகும்போது வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் குடித்தார்கள். பந்தயம் மகத்தான வெற்றி என்று பேசிக்கொண்டார்கள்.

அதன்பிறகுதான் பிரஸ்ஸல்ஸில் இருந்த சைக்கிள் சங்கத்திலிருந்து ஓடீலுக்குக் கடிதம் வந்தது. மூன்று வருஷம் குறையில்லாமல் நடக்கிற பந்தயத்துக்கு நிரந்தரமாக ஒரு தேதி ஒதுக்கப்படும். சங்கத்தின் வருஷாந்திரப் புத்தகத்தில் பந்தயத்தின் பெயர், ஊர், செயலாளர் பெயர் அச்சாகும். மூன்றாம் வருஷம் பார்வையிட ஒரு அதிகாரி வருவார்.

ஓடீல் அந்தக் கடிதத்தை இர்மாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

“செயலாளர் பேரா?”

“அப்படித்தான் போட்டிருக்கு. வருஷா வருஷம்.”

“சாகாமலேயா?” என்றாள் இர்மா. “நல்லதுதான். ஆனா ஓடீல், இந்த தடவை மழை பெய்யலேன்னா என்ன பண்ணுவ?”

“மழை பெய்யலேன்னா நல்லதுதானே.”

“மழை பெய்யலேன்னா யாரும் பாதியில நிக்க மாட்டாங்க. நூறு பேர் வருவாங்க, நீளமா. மாதா கெபி முக்குல தலையும் வாலும் மோதிக்கும். சாமி சுத்தி வரும்போது சனங்க நடக்குறாங்க. இவங்க பறக்குறாங்க.”

“நான் அங்க நிக்கிறேன்.”

“நீ நின்னா? உன்ன யாரு பாப்பா?”

ஓடீல் மூன்றாம் வருஷம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று புனித கொர்னேலியுவுக்கு ஒன்பது நாள் நவநாள் செய்தார். ஒன்பது மெழுகுவத்தி தன் செலவில் வாங்கி ஏற்றினார். ஆண்டவர் ஏழையின் ஜெபத்தைக் கேட்கிறவர். அந்த ஞாயிறன்று பத்து வருஷத்தில் இல்லாத வெயில்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் புறப்பட்டார்கள். தொண்ணூற்றாறு பேர் திரும்பி வந்தார்கள்.

அதிகாரி திரு. லெமேர் தொப்பியைக் கையில் பிடித்தபடி ரொட்டிக்கடைக்காரர் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். பாதை தன்னைத்தானே வெட்டுகிற முக்கில் சிவப்புக் கொடியோடு இரண்டு ஆள் நிற்க வேண்டும் என்பது அவர் சங்கத்து விதி. சிவப்புக் கொடியை வலேர் தன் கடை வாசலுக்கு அழகாக இருக்கும் என்று காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆறு பேரும் அன்று விளையாட்டை வளர்ப்பதில் மும்முரமாக இருந்ததால் முக்கில் நிற்க யாருக்கும் கை ஒழியவில்லை. ஆகவே செயலாளர் தனியாக நின்றார். வெறுங்கையோடு நிற்க மனம் வராமல், தனக்குப் பழக்கமானதையே எடுத்துக்கொண்டு போனார். கைமணி.

அன்று ஊருக்கு இன்னொரு சந்தோஷமும் காத்திருந்தது. செங்கல் சூளையில் வேலை பார்க்கிற நோர்பெர்ட், எங்கள் ஊர் பையன், இருபத்து மூன்று வயது, வெளியே மேடுகளில் எல்லாரையும் விட்டுவிட்டு முன்னால் வந்துகொண்டிருந்தான். ஒன்பது வருஷம் பீடத்தில் பூசைக்கு உதவி செய்தவன். முழங்காலில் நிற்கும்போது சிரிக்கக்கூடாது என்று ஓடீலிடம் எத்தனையோ தடவை காதில் திருகு வாங்கியவன்.

ஊருக்குள் முதல் சுற்றில் எல்லாரும் நெருக்கமாக வந்ததால் ஆபத்தில்லை. இரண்டாவது சுற்றில் வால் கடந்து இருபது அடி போனதும் தலை வந்தது. அதிகாரியின் கார் தலைக்குப் பின்னாலேயே கடந்தது. அவர் நோட்டுப்புத்தகத்தில் ஒன்றும் எழுதாததை ஓடீல் கவனித்தார். இன்னும் ஒரே ஒரு தடவை. அப்புறம் அச்சு.

மூன்றாவது சுற்றில் நோர்பெர்ட் தனியாக ஆலைத் தெருவில் ஏறிப் போனான். அரை நிமிஷம் பின்னால், பிரெஞ்சு பேசுகிற லீயேஜ் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர். அதற்குப் பின்னால் கும்பல், சிதறல், தனித்தனி ஆட்கள், வரிசை முடிகிற பாடில்லை. கெபி முக்கில் ஊரே திரண்டு நின்றது. ஒரு கையில் பீர் கிளாஸ், இன்னொரு கையில் அடுத்தவர் தோள்.

அப்போது காற்றாலைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. நோர்பெர்ட் சுற்றி வந்துவிட்டான். இறக்கத்தில் தலை குனிந்து, ஹேண்டிலில் படுத்துக்கொண்டு வருகிறான். இங்கே குறுக்கே, வால் பக்கத்துப் பையன்கள் பதினைந்து இருபது பேர் மூச்சிரைக்கப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஐம்பது அடி. நாற்பது அடி. ஒருவன் கழுத்து முறியப் போவது உறுதி.

ஓடீல் மணியை ஒரு தடவை அடித்தார்.

யாரையும் நிறுத்த வேண்டும் என்று அவர் அடிக்கவில்லை. எச்சரிக்கத்தான் அடித்தார். ஆனால் அந்த மணிக்கு வேறு அர்த்தம் தெரியாத ஊர் அது. முக்கில் நின்ற இருநூறு பேரும் முழங்கால் போட்டார்கள். பீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போட்டவர்கள் சிலர், கையிலேயே பிடித்துக்கொண்டு போட்டவர்கள் சிலர். கமீல் அப்போதுதான் கடையிலிருந்து எட்டிப் பார்க்க வந்திருந்தார். அவரும் போட்டார். நோர்பெர்ட் இரண்டு பிரேக்கையும் பிடித்து, கல் ரோட்டில் சக்கரம் சறுக்க, முக்குக்கு மூன்று அடி முன்னால் நின்றான். ஒரு கால் தரையில். தொப்பி கையில். தலை குனிந்தது. சிலுவை அடையாளம் போட்டான்.

வால் பையன்களில் வெளியூர்க்காரர்கள் என்ன ஏது என்று பார்த்துக்கொண்டே போனார்கள். ஆனால் அந்த வாலில் ஒருவன் எங்கள் ஊர் இரும்புக்கடைக்காரர் மகன். முக்கின் சரியான நடுவில் அவனும் நின்றான்.

“போடா, போ,” என்றார் ஓடீல் பல்லைக் கடித்துக்கொண்டு.

“மணி அடிச்சீங்களே அண்ணே.”

“உனக்கில்லடா. போ.”

அவன் போனான். முக்கு காலியானது. நோர்பெர்ட் அசையவில்லை. ஒரு தடவை அடித்தால் நிற்பது, இரண்டு தடவை அடித்தால் நடப்பது. அவனுக்குக் காது திருகிச் சொல்லிக் கொடுத்ததும் இந்தக் கைதான். அந்தக் கை இப்போது மணியைப் பிடித்தபடி மரத்துப்போய் நின்றது.

“அண்ணே,” என்றான் நோர்பெர்ட், குனிந்த தலையை நிமிர்த்தாமல். “ரெண்டாவது மணி.”

ஓடீலுக்குக் காது கேட்டது. கை கேட்கவில்லை.

“கோயில்பிள்ளையண்ணே, அடிங்க. அவனுங்க வந்துட்டானுங்க.”

லீயேஜ் ஆட்கள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். வழியின் இரண்டு பக்கமும் ஒரு ஊரே மண்டியிட்டிருப்பதை அவர்கள் பார்த்தார்கள். முன்னால் வந்தவன் நல்ல வளர்ப்பு போலிருக்கிறது. இந்தப் பக்கத்து வரவேற்பு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, ஒரு கையைத் தூக்கி நன்றி காட்டினான். இருவரும் நோர்பெர்ட்டைச் சுற்றிக்கொண்டு முக்கைக் கடந்து கோயில் பக்கம் இறங்கிப் போனார்கள்.

அப்போதுதான் ஓடீல் இரண்டு தடவை அடித்தார். ஊர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டது. நோர்பெர்ட் புறப்பட்டான். நிதானமாகவே புறப்பட்டான்.

அதிகாரியின் கார் எங்கே என்று பிறகுதான் தேடினார்கள். அது காற்றாலைப் பக்கத்திலேயே நின்றிருந்தது. மணிச் சத்தம் கேட்டதும் ரொட்டிக்கடைக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி, தொப்பியை எடுத்துவிட்டு நின்றாராம். அதிகாரி பிரெஞ்சில் என்னவோ சொன்னாராம். ஜெபம் சொல்கிறார் என்று நினைத்து ரொட்டிக்கடைக்காரர் ஆமென் என்றாராம். வென்றவன் கோட்டைத் தாண்டியதை அதிகாரி பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கமீல் கடையில் கூட்டம். சாமியாரும் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அதனால் யாரும் வாய்விட்டுத் திட்ட முடியாமல் தவித்தார்கள்.

“மணிய எடுத்துட்டுப் போகச் சொன்னது யாரு?” என்றார் வலேர்.

“கொடிய எடுத்துட்டுப் போனது யாரு?” என்றார் கமீல்.

“அந்தப் பையன் நிக்காம போயிருக்கலாம்ல.”

“நீ எதுக்குய்யா மண்டி போட்ட? உன் கடை வாசல்லேந்து மண்டி போட்டத நான் பாத்தேன்.”

“மணி கேட்டுச்சு, போட்டேன். நான் என்ன ஞானஸ்நானம் வாங்காதவனா?”

நோர்பெர்ட் மூன்றாவதாக வந்ததற்குக் கொடுத்த புகை போட்ட பன்றித்தொடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓடீல் அவனைப் பார்க்கவில்லை. சாமியாரிடம் போய்த் தாழ்ந்த குரலில், “சாமி, அடுத்த வருஷத்திலேந்து கைமணிய வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க,” என்றார்.

சாமியார் கண்ணாடியைத் துடைத்தார். “இருபத்தாறு வருஷமா பூசைல நான் கத்திக்கிட்டே இருக்கேன் ஓடீல். எழுந்தேற்றத்துல அப்பத்தத் தூக்கிக் காட்டும்போது பாதிப் பேர் புறாவப் பத்திப் பேசிக்கிட்டிருக்கான். இன்னிக்கு ஒரே மணில ஊரே முழங்கால் போட்டிருக்கு, கையில கிளாஸோட. அந்த மணிய நான் வேற ஆளுக்குக் குடுக்கறதா?”

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஓடீல் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து சங்கத்தின் வாரப் பத்திரிகை வந்தது. ரத்தான பந்தயங்கள் என்ற தலைப்பின் கீழ் ஐந்தாவது வரி: ரோஸ்தகெம் பெரும் பரிசுப் பந்தயம். காரணம்: பந்தயம் நடக்கும்போது செயலாளரே வழிபாட்டுப் பொருளைக் கொண்டு அதை நிறுத்தியது. செயலாளர்: ஓ. வான்ஹெஸ்கே. அந்தச் செப்டம்பர் ஞாயிறு பக்கத்து ஊரான ஊட்டர்கெம்முக்குப் போய்விட்டது. ஊட்டர்கெம்காரர்களோடு நாங்கள் எதற்கும் ஒத்துப்போனதில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இர்மா அந்தத் துண்டைக் கத்தரித்தாள்.

“எதுக்கு அது?” என்றார் ஓடீல்.

“வந்துடுச்சில்ல பேரு. நல்லா பெருசாவே போட்டிருக்கான்.” அவருடைய ஜெபப் புத்தகத்தில், அவர் அப்பாவின் அடக்கப் படத்துக்குப் பக்கத்தில் அதைச் செருகினாள். அவர் எடுத்து எறியவில்லை. மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கத்தை மட்டும் திறக்காமல் ஜெபம் சொன்னார்.

பந்தயத்தின் அடையாளமாக ஊரில் மிஞ்சியது கோயில் வாசலில் போட்ட வெள்ளைக் கோடு ஒன்றுதான். கமீல் படகுக்கு அடிக்கிற பெயிண்டில் போட்டது. ஓடீல் பிரஷ்ஷும் சோடாவும் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஊர் கல்யாணப் பெண்கள் முடிவுக்கோட்டைத் தாண்டித்தான் கோயிலுக்குள் போகிறார்கள், பிணங்கள் தாண்டித்தான் வெளியே வருகின்றன.

ஜூன் மாதம் சுற்றுப்பிரகாரம் வந்தது. ஓடீல் வேறு வழியில்லாமல் கைமணியோடு மாதா கெபி முக்கில் போய் நின்றார். அவரைப் பார்த்ததும் நாலு பேர் முழங்கையால் பக்கத்தில் இருந்தவர்களை இடித்தார்கள். பாதி ஊர் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆண்டவர் வருவதைப் பார்க்க வேண்டிய கண்கள்.

அந்த வருஷம் முன்கொடியைத் தூக்கி வந்தவன் நோர்பெர்ட். சாமியாரின் ஏற்பாடு. அவன் காற்றாலையைச் சுற்றிக்கொண்டு, முன்கொடிக்காரனுக்கு உரிய மெதுவான நடையில் முக்குக்கு வந்து சேர்ந்தான். மாதா சபைப் பெண்கள் குறுக்கே இன்னும் போய்க்கொண்டிருந்தார்கள். ஓடீல் மணியைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. போன செப்டம்பர் மாதிரியே மரத்துப்போய்.

மணி அடிக்காமலேயே நோர்பெர்ட் நின்றுவிட்டிருந்தான். கொடிக் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு, நேராக மாதா கெபியைப் பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னான்.

“அடிங்க அண்ணே. இன்னிக்கு எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

ஓடீல் அடித்தார். ஊர் முழங்கால் போட்டது. கடைசிப் பெண் கடந்து போகும்வரை அவர் கண்ணைத் துடைக்கவில்லை, கையில் மணி இருந்ததால். பிறகு இரண்டு தடவை அடித்தார், நேரம் தப்பாமல்.